இன்ஜின் சூடேறும் பழைய கார்: காரணத்தைக் கண்டறியும் வரிசை

பழைய காரின் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது என்றால், எந்த உறுப்பு கெட்டுவிட்டது என்று கேட்பதற்கு முன், எந்த நேரத்தில், எந்த வகை ஓட்டத்தில் சூடேறுகிறது என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் கழற்றிப் பார்க்க வேண்டிய உறுப்புகள் பெருமளவு குறைந்துவிடும். கேட்காமல் விட்டால், முதலில் தெர்மோஸ்டாட், பிறகு ரேடியேட்டர், கடைசியில் ஹெட் கேஸ்கெட் என்று ஒவ்வொன்றாகப் பணம் செலவாகுமே தவிரச் சூடு குறையாது. 'பழைய கார்' என்று இந்த அத்தியாயம் குறிப்பது அம்பாசிடர், பிரிமியர் பத்மினி, மாருதி 800 போன்றவற்றை. இவற்றில் பெரும்பாலானவை தொடக்கப் பதிவுக்காலமான 15 ஆண்டுகள் முடிந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவு புதுப்பிக்கப்படும் வண்டிகள்.

வடசென்னையில் பேசின் பிரிட்ஜில் தொடங்கி இராயபுரம், திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் பகுதியில் கார் வைத்திருப்பவருக்கு இரண்டு கூடுதல் சிக்கல்கள் உண்டு. முதலாவது, கடலோரத்து உப்புத் தண்ணீர். இரண்டாவது, துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் பின்னால் முதல் கியரிலேயே ஊர்ந்து செல்லும் நேரம். அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் 1948இல் தொடங்கப்பட்டு எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிய காலத்திலிருந்தே இன்ஜின் வேலை தெரிந்த கைகளுக்கு இப்பகுதியில் குறைவில்லை. ஆயினும் கைக்குக் கிடைத்த போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் இன்றும் பல பட்டறைகளில் நீடிப்பது வருந்தத்தக்கது.

தேவையான அளவு அடிப்படை

இன்ஜினுக்குள் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஒரு பகுதியைத் தண்ணீர் ஏந்திக்கொண்டு ரேடியேட்டருக்குச் செல்கிறது. அங்கே காற்றுபட்டு ஆறி மீண்டும் இன்ஜினுக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்றோட்டத்தை நடத்துவது வாட்டர் பம்ப். பட்டறைகளில் இதை 'வாட்டர் பாடி' என்றும் சொல்வதுண்டு. இன்ஜின் உரிய சூட்டை எட்டும்வரை ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை அடைத்து வைத்திருந்து, பிறகு தானாகத் திறக்கும் வால்வு தெர்மோஸ்டாட். வண்டி நிற்கும்போதும் மெதுவாகச் செல்லும்போதும் காற்றை இழுத்துத் தருவது ஃபேன். ரேடியேட்டர் மூடி, பிரஷர் குக்கரின் வெயிட்டைப் போல, உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைக்கிறது; 13 பி.எஸ்.ஐ. அளவுள்ள நல்ல மூடி பொருத்தப்பட்டிருந்தால், வெறும் தண்ணீர்கூட 100 டிகிரி செல்சியஸில் கொதிக்காமல் ஏறத்தாழ 118 டிகிரி வரை தாங்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கான காரணமும் இதுவே: அழுத்தம் நீங்கிய கணத்தில் உள்ளிருக்கும் தண்ணீர் ஒட்டுமொத்தமாகக் கொதித்து முகத்தை நோக்கிப் பாயும்.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால்

1. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்த வேண்டும். ஹீட்டர் உள்ள வண்டியானால் அதை முழு அளவில் திறந்து, கண்ணாடிகளை இறக்கிவிட வேண்டும். ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான் என்பதால், வியர்த்துக் கொட்டினாலும் இன்ஜினுக்கு அது உதவும்.

2. நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டு, சாலையின் இடது ஓரத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். டிரெய்லர் லாரிகள் செல்லும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மேம்பால வளைவுகளிலும், லாரி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாத மூலையில் நிறுத்துவது சூடான இன்ஜினைவிட ஆபத்தானது; ஆவி வராதவரை, சற்றுத் தள்ளி இடம் பார்த்து நிறுத்துவதே முறை.

3. ஆவி வந்தாலோ, தண்ணீர் கீழே கொட்டினாலோ, சார்ஜ் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ இன்ஜினை அந்த நொடியே அணைக்க வேண்டும். சார்ஜ் விளக்கு எரிவது பெல்ட் அறுந்ததைக் குறிக்கலாம். பல வண்டிகளில் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுழற்றுகிறது. இந்த மூன்றும் இல்லையென்றால், நியூட்ரலில் சற்றே ஆக்சிலரேட்டர் கொடுத்து ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்க்கலாம். முள் இறங்கவில்லை என்றால் அணைத்துவிட வேண்டும்.

4. ஆவி அடங்கிய பிறகே பானெட்டைத் திறக்க வேண்டும். மின்சார ஃபேன் உள்ள வண்டிகளில் இன்ஜின் அணைந்த பின்னும் ஃபேன் திடீரென்று சுழலக்கூடும் என்பதால் கையை அதன் அருகே கொண்டுசெல்லக் கூடாது.

5. மூடியைத் தொடுவதற்குக் குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். மேல் ஹோஸை அழுத்தினால் தளர்வாக இருக்க வேண்டும். கல்போல் விறைத்திருந்தால் உள்ளே அழுத்தம் இன்னும் இருக்கிறது என்று பொருள். திறக்கும்போது தடித்த துணியை மூடிமேல் போட்டு, முகத்தை விலக்கி, முதல் தடை வரும்வரை மட்டும் திருப்பி, அழுத்தம் முழுவதும் வெளியேறிய பின்னரே அழுத்திக் கழற்ற வேண்டும்.

6. காய்ந்துபோன சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றக் கூடாது. அம்பாசிடரில் பல்லாண்டுகள் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினின் வார்ப்பிரும்பு ஹெட் இதனால் விரிசல் விடும். மாருதி 800இன் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். கையால் தொட்டுத் தாங்கும் அளவுக்கு ஆறிய பிறகு, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டுச் சிறிது சிறிதாக ஊற்றலாம்.

முள் திடீரென்று 'குளிர்' பக்கம் விழுந்து, அதே நேரத்தில் ஆவியும் வந்தால், இன்ஜின் ஆறிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியான அளவைக் காட்டும். தண்ணீர் முழுவதும் போய்விட்ட நிலையில் அது காட்டுவது வெறும் காற்றின் சூட்டை.

எப்போது சூடேறுகிறது

வண்டி பாதுகாப்பாக வீடு வந்து சேர்ந்த பின், ஓட்டியவர் நினைவிலிருந்து ஒரு தாளில் எழுத வேண்டியவை: எவ்வளவு நேரம் ஓடிய பின் முள் ஏறியது, அப்போது வேகம் என்ன, ஏ.சி. ஓடியதா, வேகம் மாறியதும் முள் இறங்கியதா.

வால்டாக்ஸ் சாலை நெரிசலிலோ கன்டெய்னர் வரிசையிலோ ஏறும் முள், சாலை விட்டு வேகம் பிடித்ததும் இறங்கிவிட்டால், குறை காற்றோட்டத்தில் இருக்கிறது: ஃபேன், ஃபேன் பெல்ட், ஃபேன் சுவிட்ச், ஃபேனைச் சுற்றியுள்ள காற்றுக்கூடு, ரேடியேட்டரின் வெளிப்பக்கத் தூசி ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். வேகமாகச் செல்லும்போது காற்று தானாகவே வந்து மோதுவதால் ஃபேனின் குறை மறைந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறாக, நகருக்குள் சாதாரணமாக ஓடும் வண்டி செங்குன்றத்தைத் தாண்டிக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் 70, 80 கிலோமீட்டர் வேகம் பிடித்ததும் சூடேறினால், குறை தண்ணீரோட்டத்தில் இருக்கிறது. உட்குழாய்கள் அடைத்த ரேடியேட்டர், பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட், இறக்கை அரித்த வாட்டர் பம்ப், உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ் ஆகியவை இந்த வகையில் அடங்கும்.

காலையில் கிளப்பிய சில நிமிடங்களிலேயே முள் மேலே போனால் மூன்று காரணங்களில் ஒன்றை ஐயுறலாம்: தண்ணீர் குறைவு, மூடிய நிலையில் சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட், எரிப்பு வாயு தண்ணீருக்குள் கசியும் ஹெட் கேஸ்கெட். ஏ.சி. போட்டால் மட்டும் ஏறினால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏ.சி. கண்டென்சரின் அடைப்பையும் அதற்குரிய ஃபேனையும் பார்த்தால் போதும். ஓடும்வரை சரியாக இருந்து, அணைத்த பின் ரேடியேட்டர் கொப்பளித்து வழியும் வண்டிகளில் பெரும்பாலும் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அணைத்ததும் தண்ணீர் ஓட்டம் நின்று ஹெட்டின் சூடு அப்படியே தண்ணீரில் இறங்குவதால் அந்த நேரத்தில்தான் மூடியின் வலிமை சோதிக்கப்படுகிறது.

முள் சொல்வது உண்மைதானா

பழைய வண்டிகளில் சூடே இல்லாமல் முள் மட்டும் ஏறுவதும் உண்டு. சென்சாரின் ஒயரைக் கழற்றி, சாவியைப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலான வண்டிகளில் முள் குளிர்ப் பக்கத்தில் நிற்க வேண்டும். கழற்றிய பின்னும் உச்சியிலேயே நின்றால், ஒயர் எங்கோ பாடியில் உரசி ஷார்ட் ஆகியிருக்கிறது. பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒன்றுசேர்ந்து வழக்கத்தைவிட மேலே காட்டினால், அந்த இரண்டு மீட்டர்களுக்கும் பொதுவான வோல்டேஜ் ஸ்டெபிலைசர் கெட்டிருக்கலாம். இது எல்லா வண்டிகளிலும் இல்லை என்றாலும், உள்ளவற்றில் இக்குறையைக் கண்டுகொள்ளாமல் ரேடியேட்டரை மாற்றியவர்கள் பலர். தொலைவிலிருந்தே சூட்டைக் காட்டும் இன்ஃப்ராரெட் வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் கூட்டின்மேல் காட்டி அளப்பது ஐயம் தீர்க்கும் வழி: அங்கே ஏறத்தாழ 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் இன்ஜின் நலமாகவே இருக்கிறது.

குளிர்ந்த இன்ஜினில் சோதனை வரிசை

செலவில்லாதது முதலில், கழற்ற வேண்டியது கடைசியில் என்ற முறையில் கீழ்க்காணும் வரிசை அமைந்துள்ளது. ஒன்றில் குறை தென்பட்டால் அதைச் சரிசெய்து ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். வேலையைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும்; மூடிய ஷெட்டுக்குள் ஓடும் இன்ஜினின் புகை உயிருக்கே ஆபத்தானது. லுங்கி நுனி, துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை ஆகியவை பெல்ட்டின் அருகே வரலாகாது.

1. தண்ணீர். ரேடியேட்டர் கழுத்து வரை தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்திலுள்ள உபரித் தண்ணீர் டப்பாவில் இருக்கிறது என்பதால் ரேடியேட்டரில் இருப்பதாகக் கொள்ளக் கூடாது. துருவின் செம்பழுப்பு நிறம் உட்புற அரிப்பைக் காட்டும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் கேஸ்கெட்டை ஐயுற வேண்டும்.

2. மூடி. அடி ரப்பர் வெடித்திருக்கிறதா, நடுவிலுள்ள சிறிய வால்வு விரலால் இழுத்தால் அசைந்து திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். புதிய மூடி வாங்கும்போது பழையதில் பொறித்த அழுத்த எண்ணே இருக்க வேண்டும். அதிக எண்ணுள்ள மூடி நல்லது என்று போட்டால் பழைய ரேடியேட்டரின் ஈய ஒட்டு பிளந்துவிடும்.

3. பெல்ட். இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 முதல் 12 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். உட்பக்கம் கண்ணாடிபோல் வழவழத்திருந்தால், இறுக்கமாக இருந்தாலும் வழுக்கும்; மாற்றுவதே வழி.

4. ஹோஸ்கள். பிசைந்தால் நமநமக்கும் ஹோஸும், கிளிப்பின் ஓரத்தில் உப்பிய ஹோஸும் ஆயுள் முடிந்தவை. கீழ் ஹோஸுக்குள் சுருள் கம்பி இருந்த வண்டியில் அது துருப்பிடித்து உதிர்ந்திருந்தால், ஆக்சிலரேட்டரை ஏற்றும்போது ஹோஸ் சப்பித் தண்ணீரோட்டம் தடைபடும். உதவிக்கு ஒருவரை உட்காரவைத்து ஆக்சிலரேட்டரை ஏற்றச் சொல்லி இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

5. ரேடியேட்டரின் வெளிப்பக்கம். எண்ணூர்ப் பக்கம் ஓடும் வண்டிகளில் அனல்மின் நிலையச் சாம்பலும் சாலைப் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து தகட்டிடுக்குகளை அடைத்துவிடுகின்றன. இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கம் நோக்கி, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கடையின் முழு அழுத்தத்தில் அடித்தால் தகடுகள் மடிந்து இருந்த காற்றும் போகாது. கழுவிய பின் விரலால் மெல்லத் தேய்த்துப் பார்க்க வேண்டும். கடற்காற்றில் அரித்த தகடுகள் பொடியாக உதிரும். குழாய்கள் அடைக்காமல், ஒழுகாமல் இருந்தாலும் அந்த ரேடியேட்டரால் சூட்டை வெளியே தள்ள முடியாது.

6. ஃபேன். மின்சார ஃபேனானால், இரண்டு ஒயர் கொண்ட பழைய சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, அந்த இரண்டு முனைகளையும் ஒரு சிறு ஒயரால் இணைத்துச் சாவியைப் போட்டால் ஃபேன் சுழல வேண்டும். சுழன்றால் குறை சுவிட்சில்; சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று பின்னோக்கிப் போக வேண்டும். சுழல்கிறது என்பதோடு நிறுத்திவிடாமல் எந்தத் திசையில் காற்று போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முன் கிரில்லில் ஒரு தாளைப் பிடித்தால் அது ரேடியேட்டரை நோக்கி ஒட்ட வேண்டும். மோட்டாரை ரீவைண்டிங் செய்த பிறகு ஒயரை மாற்றிக் கொடுத்ததால் ஃபேன் காற்றை எதிர்த்திசையில் தள்ளிக்கொண்டிருக்கும் வண்டிகளும், பெல்ட் ஃபேனின் இறக்கையை முன்பின்னாகப் பூட்டியதால் காற்றின் அளவு குறைந்த வண்டிகளும் உண்டு.

7. தெர்மோஸ்டாட். கழற்றி, ஒரு பாத்திரத் தண்ணீரில் பாத்திரத்தின் அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் சூடாக்க வேண்டும். அதன்மேல் பொறித்த எண்ணுக்கு அருகில் (82 அல்லது 88 டிகிரி என்பன வழக்கமானவை) திறக்கத் தொடங்கி, மேலும் 10, 15 டிகிரி ஏறுவதற்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும். திரும்பப் பூட்டும்போது ஸ்பிரிங் பக்கம் இன்ஜினை நோக்கியும், சிறு துளையோ ஆடும் ஊசியோ இருந்தால் அது மேல்நோக்கியும் அமைய வேண்டும். பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய ரேடியேட்டர் பார்த்து வாங்குவதில் தவறில்லை. பழைய தெர்மோஸ்டாட் வாங்குவதில் பொருளில்லை.

8. வாட்டர் பம்ப். பம்பின் கழுத்துக்குக் கீழுள்ள சிறு துளையில் ஒழுகிய தடம் இருந்தால் உள் சீல் போயிருக்கிறது. புல்லியை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. ஒழுகலும் ஆட்டமும் இல்லாமலேயே உள்ளிருக்கும் இறக்கைகள் அரித்துத் தேய்ந்துபோவது உப்புத் தண்ணீர் ஓடிய இன்ஜின்களில் காணப்படும் குறை. மற்ற எல்லாம் சரியாக இருந்தும் வேகத்தில் சூடேறினால் பம்பைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

9. ரேடியேட்டரின் உட்பக்கம். இன்ஜினை நன்றாகச் சூடேற்றி அணைத்துவிட்டு, இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ரேடியேட்டர் முகத்தில் வரிசையாக அளந்தால், தண்ணீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு சீராக இறங்க வேண்டும். இடையில் சில திட்டுகள் மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்கள் அடைபட்டவை. பித்தளை, செம்பு ரேடியேட்டரானால் மேல் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய முடியும். பட்டறைகளில் இதற்கு ராடிங் என்று பெயர். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரில் இதற்கு இடமில்லை.

வடசென்னைத் தண்ணீரும் இன்ஜினும்

மீஞ்சூரைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரில் கடல்நீர் உட்புகுந்திருப்பது பல ஆண்டுகளாக அறியப்பட்ட செய்தி. அந்தப் பக்கத்திலேயே, காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010இல் இயங்கத் தொடங்கியது. குடிக்கத் தகாத அந்த நிலத்தடி நீர் இன்ஜினுக்கும் தகாது.

கடின நீரிலுள்ள சுண்ணாம்பு, மிகச் சூடான இடத்தில்தான் முதலில் படியும். இன்ஜினில் அது எரி அறையையும் புகைவழியையும் சுற்றியுள்ள நீர்ப்பாதை. அந்தப் படிவு மெல்லியதாக இருந்தாலும் உலோகத்திலிருந்து தண்ணீருக்குச் சூடு கடத்தப்படுவதைத் தடுப்பதால், ரேடியேட்டர் புதிதாக இருந்தும் ஹெட் மட்டும் கொதிக்கும். உப்பின் வேலை வேறு: வார்ப்பிரும்பு, அலுமினியம், பித்தளை என்று வெவ்வேறு உலோகங்கள் ஒரே தண்ணீரில் நனையும்போது அந்தத் தண்ணீர் உப்பாக இருந்தால், அது பேட்டரி அமிலத்தைப் போலவே மின்னோட்டத்துக்கு வழிவிட்டு, இவற்றுள் மிக எளிதில் கரையும் அலுமினியத்தை முதலில் தின்கிறது. தெர்மோஸ்டாட் கூடு, வாட்டர் பம்ப் உடல், அலுமினிய ஹெட்டின் நீர்த்துளை ஓரங்கள் ஆகியவை பொரிந்துபோவதற்கு இதுவே காரணம்.

வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று பார்க்க, ஒரு லிட்டரைச் சுத்தமான எவர்சில்வர் பாத்திரத்தில் முழுவதும் வற்றக் காய்ச்சினால் போதும்; அடியில் தங்கும் வெள்ளைப் படிவு இன்ஜினுக்குள்ளும் தங்கும். ரேடியேட்டரில் இப்போதுள்ள தண்ணீரைச் சோதிக்க மல்டிமீட்டர் உதவும்: இன்ஜினை அணைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் சிவப்பு முனையை ரேடியேட்டர் கழுத்திலுள்ள தண்ணீரிலும் (உலோகத்தில் படாமல்) வைத்தால், சுமார் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டும் தண்ணீர் மாற்றப்பட வேண்டியது.

ஆகவே ஊற்ற வேண்டியது பெட்ரோல் பங்குகளிலும் பேட்டரிக் கடைகளிலும் கேனில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரும், அதில் கலந்த கூலன்ட்டும்தான். சென்னையில் தண்ணீர் உறையாது, பிறகு கூலன்ட் எதற்கு என்ற வாதம் அடிக்கடி கேட்கப்படுகிறது. கூலன்ட்டின் பணிகளுள் உறைவதைத் தடுப்பது ஒன்று மட்டுமே. அரிப்பைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் இங்கே அதைவிட முக்கியமானவை. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், பாதிக்கு மிகாமல் கலந்தால் போதும்.

ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே எரிப்பு வாயு, தண்ணீர், ஆயில் மூன்றையும் பிரித்து நிற்கும் தகடே ஹெட் கேஸ்கெட். மேற்கண்ட சோதனை வரிசையின் ஒன்பதும் சரியாக இருந்தால் இதைப் பார்க்க வேண்டும். இரவு முழுவதும் ஆறிய இன்ஜினில், மூடியைத் திறந்தபடியே கிளப்பி, ரேடியேட்டர் கழுத்தைச் சற்றுத் தள்ளி நின்று நோக்க வேண்டும். தொடக்கத்தில் ஓரிரு குமிழிகள் வருவது இயல்பு; ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க இடைவிடாமல் குமிழி எழும்பினால் எரிப்பு வாயு தண்ணீருக்குள் நுழைகிறது. மூடியைப் போட்டுக் கிளப்பிய ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் சூடேறுவதற்கு முன்பே மேல் ஹோஸ் விறைத்துக்கொள்வதும் இதையே சொல்லும். ஆயில் மூடியின் அடியில் வெளிறிய பழுப்பு நுரை, சூடான பின்னும் நிற்காத வெண்புகை, அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் குறைந்த கம்பிரஷன் ஆகியவை துணைச் சான்றுகள். மழைக்காலத்தில் குறுந்தொலைவு மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் மூடியில் சிறிது நுரை கேஸ்கெட் குறை இல்லாமலும் வரும் என்பதால், அந்த ஒரு சான்றை மட்டும் நம்பி ஹெட்டைக் கழற்றக் கூடாது.

ஹெட்டைக் கழற்றுவது டார்க் ரெஞ்சும் அந்த வண்டியின் சர்வீஸ் கையேடும் இல்லாமல் வீட்டில் செய்யும் வேலை அன்று. பட்டறையில் கொடுப்பவர் இரண்டு கேள்விகளைக் கேட்டுவைப்பது நல்லது: ஹெட்டின் முகம் நேராக இருக்கிறதா என்று ரூலரும் ஃபீலர் கேஜும் வைத்து அளந்தார்களா, வளைந்திருந்தால் ஃபேசிங் செய்ய லேத்துக்கு அனுப்பினார்களா. வளைந்த ஹெட்டின்மேல் புதிய கேஸ்கெட் போட்டு முறுக்கினால் சில வாரங்களில் அதே கோளாறு திரும்பும்.

தண்ணீருக்குத் தொடர்பில்லாத காரணங்கள்

பாயிண்ட் செட் வைத்த பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் இக்னிஷன் டைமிங் பின்தங்கினால், எரிபொருள் தாமதமாக எரிந்து, வேலையாக மாற வேண்டிய வெப்பம் புகைவழியில் இறங்கும். வண்டி இழுவை குறைந்து சூடும் ஏறினால் இதைச் சோதிக்க வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் குறைந்த கலவை, அடைத்த சைலன்சர், விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், குறைந்த இன்ஜின் ஆயில் ஆகியவையும் இவ்வகையின. சிறிது தூரம் ஓட்டியபின் நான்கு வீல்களின் நடுப்பகுதியையும் வெப்பமானியால் அளந்து ஒன்று மட்டும் மிகச் சூடாக இருந்தால், பிரேக்கைப் பார்க்க வேண்டும்.

கழுவி மீண்டும் நிரப்புதல்

1. முழுவதும் ஆறிய இன்ஜினில், ரேடியேட்டரின் அடித்திறப்பையும் பிளாக்கின் பக்கத்திலுள்ள வடிகால் திருகையும் திறந்து வடிக்க வேண்டும். பழைய பிளாக்குகளில் இந்தத் துளை சேற்றால் அடைத்திருக்கும். மெல்லிய கம்பியால் குத்திவிட்டால்தான் உண்மையான அழுக்கு வெளியே வரும்.

2. வடிந்ததை அகன்ற பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். கூலன்ட்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள கொடிய நஞ்சு. நாய், பூனை, குழந்தைகளுக்கு எட்டாதபடி கேனில் அடைத்து, கழிவு வாங்கும் சர்வீஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டும். பக்கிங்காம் கால்வாயிலோ தெருவோர மழைநீர் வடிகாலிலோ ஊற்றலாகாது.

3. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவைத்து, ரேடியேட்டரையும் பிளாக்கையும் தனித்தனியே, தண்ணீர் இயல்பாக ஓடும் திசைக்கு எதிர்த்திசையில், தெளிந்த நீர் வரும்வரை கழுவ வேண்டும். குழாய் நீரால் கழுவலாம். ஆனால் கடைசி முறை டிஸ்டில்டு வாட்டரால் அலசி வடிக்க வேண்டும்.

4. தெர்மோஸ்டாட்டைப் புதிய பேக்கிங்குடன் பூட்டி, வண்டியின் முன்பக்கம் சற்று உயரமாக இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டர் குழாயைத் திறந்துவைத்து, கலவையை மெதுவாக ஊற்ற வேண்டும். அவசரமாக ஊற்றினால் ஹெட்டின் உச்சியில் காற்று சிக்கிக்கொள்ளும். பட்டறையில் ஏர்லாக் எனப்படும் இது, எல்லாம் சரியாக இருந்தும் முள்ளை ஏற்றும்.

5. மூடியைத் திறந்தபடி ஐடிலில் ஓடவிட்டு, இடையிடையே மேல் ஹோஸைப் பிசைந்துவிட வேண்டும். ஹோஸ் சூடேறும்போது தெர்மோஸ்டாட் திறந்து தண்ணீர் மட்டம் இறங்கும். அப்போது மீண்டும் நிரப்பி, மூடியைப் போட வேண்டும்.

6. மறுநாள் காலை, கிளப்புவதற்கு முன் மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் நிரப்ப வேண்டும். மூன்றாம் நாளும் குறைந்தால் அது சிக்கியிருந்த காற்று அன்று, கசிவு.

அடிக்கடி நேரும் தவறுகள்

சூடேறும் வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது தமிழ்நாட்டுப் பட்டறைகளின் நெடுநாள் மருந்து. இன்ஜின் உரிய சூட்டை எட்டாமலே ஓடுவதால் பெட்ரோல் செலவும் தேய்மானமும் கூடும். அதோடு, ரேடியேட்டரைத் தவிர்த்துச் சுற்றும் குறுக்குவழி உள்ள இன்ஜின்களில், தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அந்த வழியும் மூடப்படும்படி அமைத்திருப்பார்கள். கழற்றிவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ஆறாமலே திரும்பி வந்து சூட்டை மேலும் கூட்டும்.

ஒழுகும் ரேடியேட்டரில் மஞ்சள்தூளைக் கொட்டுவது வழியில் மாட்டிக்கொண்டவர் வீடு சேர உதவலாம். வீடு வந்ததும் கழுவாவிட்டால், ஓட்டையை அடைத்த அதே மஞ்சள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். கடையில் விற்கும் லீக் அடைக்கும் பொடிகளுக்கும் இதுவே பொருந்தும்.

ஃபேனுக்குச் சாவியிலிருந்தே நேராக ஒயர் இழுத்து 'டைரக்ட்' கொடுப்பது தற்காலிக ஏற்பாடாக ஏற்கத்தக்கதே. ஆனால் நடுவில் ஃபியூஸும் ரிலேயும் இல்லாமல் கொடுத்த டைரக்ட், ஒயர் உருகித் தீப்பிடிக்க இடம் தரும். வெவ்வேறு நிறக் கூலன்ட்களைக் கலப்பதும் தவிர்க்க வேண்டியது. நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், பச்சையோடு பச்சை சேரும் என்ற நம்பிக்கைக்கும் அடிப்படையில்லை. டப்பாவில் அச்சிட்ட வகையைப் படித்தே வாங்க வேண்டும்.

பழுதைச் சரிசெய்து முடித்த பின், சோதனை ஓட்டத்தை நெரிசலில் அரை மணி, திறந்த சாலையில் அரை மணி என்று இரண்டாகப் பிரித்துச் செய்ய வேண்டும். நெரிசல் ஓட்டத்தில் முள் மீண்டும் ஏறினால் குளிர்ந்த இன்ஜின் சோதனை வரிசையின் மூன்று, ஐந்து, ஆறாம் எண்களுக்கும், திறந்த சாலையில் ஏறினால் நான்கு, ஏழு, எட்டு, ஒன்பதாம் எண்களுக்கும் திரும்பிச் செல்ல வேண்டும்.